லாபி என்பது தரகு வேலையா?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் கலிபோர்னியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். பொதுக்கொள்கைப் படிப்பை முடிக்கப்போகிறாள். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில், மாநில அரசிடம் பேசும் லாபியிஸ்ட் ஆகவேண்டும் என்கிறாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு எம்.எல்.ஏ.வைப் பிடித்துக் காரியம் முடித்துத் தருவது தரகு இல்லையா? இல்லையென்றால், அவள் எங்கே தொடங்கவேண்டும்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

தரகருக்குக் காரியம் முடிந்தால்தான் கமிஷன். கலிபோர்னியாவில் அந்த முடிச்சைச் சட்டமே அறுத்துவிட்டது. 1974-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய அரசியல் சீர்திருத்தச் சட்டத்தின்படி, லாபியிஸ்ட், மசோதா ஜெயித்தால் இவ்வளவு என்று பேசிக் கூலி வாங்கக்கூடாது. அந்தச் சட்டமன்ற உறுப்பினர் என் கைக்குள் இருக்கிறார் என்று தன்னை அமர்த்தியவரிடம் பொய்யாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. முக்கியமான தகவலில் அதிகாரியை ஏமாற்றக்கூடாது. தானே ஒரு மசோதாவைக் கிளப்பிவிட்டு, பிறகு அதை முறியடிக்கவோ நிறைவேற்றவோ வேலை தேடக்கூடாது. இவ்வளவும் ஒரே சட்டப்பிரிவில் இருக்கின்றன. இந்தியாவில் லாபிக்கென்று தனிச் சட்டமே கிடையாது என்பதால் நம் ஊரில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை.

அதிகாரிகளிடம் நேரில் பேசுவதற்காக ஒரு மாதத்தில் 2,000 டாலர் வாங்கினாலோ, ஒரு நிறுவனத்தின் ஊழியராகச் சம்பள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அதில் செலவழித்தாலோ, மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவு செய்தாகவேண்டும். அறநெறி வகுப்புக்குப் போகவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டவேண்டும். ஓர் அதிகாரிக்கு ஒரு மாதத்தில் 10 டாலருக்கு மேல் எதுவும் வாங்கித்தர முடியாது. ஒரு மதியச் சாப்பாடே அதைத் தாண்டிவிடும். தான் அணுகும் பதவிகளுக்குப் போட்டியிடுபவர்களுக்குத் தேர்தல் நன்கொடையும் தரமுடியாது. ஆனால் லாபியிஸ்டை அமர்த்திய நிறுவனம், சட்டம் அனுமதிக்கும் வரம்பு வரை தரலாம். இது பெரிய ஓட்டைதான். உங்கள் வீட்டாரின் அருவருப்பில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். அதனால் யாரிடம் வேலைக்குச் சேர்கிறாள் என்பதைப் பற்றி அவளிடம் நிறையப் பேசுங்கள்.

மற்றபடி இந்த வேலை பெரும்பாலும் காகிதமும் கெடுவும். மாநிலச் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: அசெம்பிளியில் 80 பேர், செனட்டில் 40 பேர். மசோதா கொண்டுவருவதற்கான பிப்ரவரிக் கெடுவுக்குள் ஈராயிரம் மசோதாக்களுக்குமேல் வந்து விழும். அச்சில் வந்து 30 நாள் கழிந்தபின் கமிட்டி விசாரணைகள் தொடங்கும். ஒவ்வொரு கமிட்டியிலும் கன்சல்டன்ட் என்ற ஊழியர்கள் உண்டு. மசோதா எதை மாற்றுகிறது, எங்கே இடிக்கிறது, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று ஆய்வறிக்கை எழுதுபவர்கள் அவர்கள்தான். எத்தனையோ மசோதாக்களுக்கு நடுவில் உறுப்பினர் கையில் எடுத்துப் படிப்பது பெரும்பாலும் அந்த அறிக்கையைத்தான். ஆகவே கமிட்டி வைத்த கெடுவுக்குள் உங்கள் ஆதரவு அல்லது எதிர்ப்புக் கடிதம் போகாவிட்டால், உங்கள் அமைப்பின் பெயரே அறிக்கையில் வராது. விசாரணை நாளில் ஓடிப்போய்ப் பயனில்லை. பொதுவாகத் தரப்புக்கு இரண்டு சாட்சிகள், ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். மற்றவர்கள் மைக் முன் வரிசையில் வந்து பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லிவிட்டு நகரவேண்டும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியில். அசெம்பிளியில் ஆண்டுக்கு 1,50,000 டாலர் செலவு வைக்கும் மசோதா 'சஸ்பென்ஸ் ஃபைல்' என்ற கட்டுக்குள் போய்விடும். மே மாதமும் ஆகஸ்ட் வாக்கிலும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதியை விவாதமின்றி வேகமாக வாசிப்பார்கள். 'ஹெல்ட்' என்றால் அங்கேயே முடிந்தது, பெரும்பாலும் காரணம் சொல்லமாட்டார்கள். செலவு மதிப்பீடு எப்படி வந்தது, எந்தத் துறை அந்த எண்ணைக் கொடுத்தது என்று வாரக்கணக்கில் முன்பே விசாரித்து, செலவைக் குறைக்கும் திருத்த வாசகத்தை எழுதிக்கொடுத்தவருக்கே அங்கே வாய்ப்பு. எண்ணைத் தப்பாகச் சொன்னவரை ஊழியர்கள் மறக்கமாட்டார்கள். அடுத்த முறை அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

நம்மவர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, 2023-ல் செனட் உறுப்பினர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த செனட் மசோதா 403. சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்வது அதன் நோக்கம். தமிழ் அமெரிக்கரான தேன்மொழி சௌந்தரராஜன் நடத்தும் தலித் உரிமை அமைப்பான ஈக்வாலிட்டி லேப்ஸ் ஆதரித்தது, ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் எதிர்த்தது. மே மாதம் செனட்டில் 34-1 என்று நிறைவேறியது. பிறகு அசெம்பிளியில் எதிர்ப்பைத் தணிக்க ஒரு திருத்தம் செய்தார்கள்: சாதியைத் தனி வகையாக வைக்காமல் 'வம்சாவளி' என்பதன் விளக்கத்துக்குள் சேர்த்தார்கள். அசெம்பிளியில் 50-3, மறுபடி செனட்டில் 31-5 என்று நிறைவேறியது. அக்டோபர் 7-ல் ஆளுநர் நியூசம் வீட்டோ செய்தார். இருக்கும் சட்டமே வம்சாவளி போன்ற வகைகளின்கீழ் இதைத் தடுக்கிறது, ஆகவே இது தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவையில் வாக்குத் தேடித்தந்த திருத்தமே ஆளுநர் மேசையில் மறுக்கும் காரணத்துக்கு வழிவிட்டது என்று நான் கருதுகிறேன். ஆளுநர் அலுவலகத்தின் சட்டப்பிரிவோடும் சம்பந்தப்பட்ட துறைகளோடும் மசோதா பிறக்கும்போதே பேச்சைத் தொடங்கவேண்டும் என்று தேர்ந்தவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். கடைசியில் ஆளுநருக்கு முடிவெடுக்க இருப்பது சாதாரணமாக 12 நாள், கூட்டத்தொடர் முடிவில் வந்து சேரும் மசோதாக்களுக்கு 30 நாள்.

அவள் நேரே லாபி நிறுவனத்தில் சேரவேண்டாம். சாக்ரமென்டோ ஸ்டேட் பல்கலைக்கழகம் வழியாக நடக்கும், அரசு அலுவலகங்களில் வேலை பழகும் கேபிடல் ஃபெலோஸ் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். அசெம்பிளி, செனட், நிர்வாகத் துறை ஆகிய மூன்றிலும் தலா 18 இடங்கள், சம்பளத்தோடு. கிடைக்காவிட்டால் ஓர் உறுப்பினர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. அங்கிருந்து கமிட்டி கன்சல்டன்ட் ஆவதுதான் நல்ல ஏணி என்பேன். ஒரே துறையில், குடிநீரோ மருத்துவமோ வீட்டுவசதியோ, மூன்று நான்கு ஆண்டுகள் அறிக்கை எழுதியவரைத் தேடி வேலை வரும். உறுப்பினர்கள் 2012-ன் விதிப்படி மொத்தம் 12 ஆண்டுகளுக்குமேல் இருக்கமுடியாது. பழைய சட்டம் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது நினைவில் இருக்கும் ஆளுக்கு அங்கே மதிப்பு அதிகம். பிறகு நகரங்கள், மாவட்டங்களின் சங்கம், தொழிற்சங்கம், தொண்டு அமைப்பு, பல வாடிக்கையாளர்களுக்காக வேலைசெய்யும் தனியார் நிறுவனம் என்று பிரியும். கடைசியாகச் சொன்னதில் வருமானம் அதிகம் இருக்கலாம், ஆனால் இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே மசோதாவில் எதிரெதிராக நிற்கும் சிக்கலும் அங்கேதான் வரும்.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். சட்டமன்ற இணையதளத்தில் 403-ஐத் தேடி, முதல் வாசகத்திலிருந்து ஒவ்வொரு திருத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். கமிட்டி அறிக்கைகளில் ஆதரவு, எதிர்ப்புப் பட்டியல் எப்படி மாறியது என்று பார்க்கட்டும், கடைசியில் வீட்டோ கடிதத்தைப் படிக்கட்டும். இரண்டு மாலைப்பொழுது போதும். மூன்றாவது மாலையும் அடுத்த மசோதாவைத் திறந்தால், வீட்டில் தடுக்காதீர்கள்.

அன்புடன்.