இயற்கை, ஆன்மிகம், கலை மூன்றும் இணைந்த வாழ்க்கை நடைமுறையில் உண்டா?

உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொண்டுபோய் வைக்கும் புரவியெடுப்பு விழாவைப் பாருங்கள். ஊரார் ஒரு கைப்பிடி மண்ணை, அதாவது பிடிமண்ணை, கொடுத்த பிறகுதான் குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். கண்மாய்க் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து பிசைவார்கள். சூளையில் உமி எரிந்து சிறு துளைகள் விழும், ஈரம் அதன் வழியே வெளியேறும், குதிரை வெடிக்காது. கால்களைக் குழாய்போல வனைந்து, அவை காயக் காய உடம்பை மேலே ஏற்றுவார்கள். எத்தனை பொறுமை வேண்டும் இதற்கு! பல ஊர்களில் அந்த வேளாரே பூசாரியும்கூட. குதிரைக்குக் கண் வரைந்து திறந்ததும் அது சாமியின் வாகனம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பதுதான். கோயில்காட்டில் இறக்கிய குதிரையை யாரும் பழுதுபார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் அது உடைந்து மண்ணோடு சேரும். அடுத்த எடுப்புக்குப் புதுக்குதிரை, மறுபடி பிடிமண். அந்தக் காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூட ஊர் தயங்கும்.