விபத்துக்குப் பிறகு மலைப்பாதையில் மறுபடி சைக்கிளில் வேலைக்குப் போவது எப்படி?

கேள்வி: குன்னூரில் வீடு, அருவங்காட்டில் வேலை. தினமும் சைக்கிள்தான். வளைவில் கார் இடித்துக் காறை எலும்பு முறிந்து மூன்று மாதமாகிறது. மறுபடி ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். ஆனால் ஏற்றத்தில் தொடங்குங்கள், இறக்கம் பிறகு. காலையில் உங்களுக்கு ஏற்றம். எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் எது குறுக்கே வந்தாலும் காலை ஊன்றி நின்றுவிடலாம். மாலையில் மிதிக்காமலே வண்டி முப்பதைத் தொடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. முதல் இரண்டு வாரம் செங்குத்தான இறக்கங்களையும் எதிரே தெரியாத வளைவுகளையும் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். பிறகு வீட்டு வாசலில் சைக்கிளில் உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் இறுக்கி, உடம்பின் பாரத்தை ஹேண்டில்பாரில் இறக்குங்கள். அப்படியே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பாருங்கள். வலித்தால் இன்னும் நாளாகும். தலையில் அடிபட்டு, இன்னமும் கிறுகிறுப்பு இருந்தால் சைக்கிளைத் தொடவே வேண்டாம்.

அடி சைக்கிளுக்கும்தான். ஹேண்டில்பாரின் தண்டு இறங்கும் முன் குழாயும் அதிலிருந்து பெடல் பக்கம் சரியும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தில், அடிப்பக்கமாக நகத்தை ஓட்டுங்கள். பெயிண்ட் அலையாகச் சுருங்கியோ மயிரிழையாக வெடித்தோ இருந்தால் அந்த ஃபிரேமை நம்பி இறக்கத்தில் போகக் கூடாது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்திருந்தால் நிமிர்த்தித் தருவதாகச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள், புதிது போடுங்கள். ரிம் லேசாக ஆடினால் கோட்டம் எடுத்தாலே போதும். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

ரப்பர் கட்டைகள் ரிம்மை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் அந்தக் கட்டைகளைக் கழற்றி, ரப்பரில் பதிந்திருக்கும் அலுமினியத் துகள்களைக் குண்டூசியால் நெம்பி எடுங்கள். அவை ரிம்மையும் தின்னும், பிடிப்பையும் குறைக்கும். மழையில் சக்கரம் சில சுற்று சுற்றி ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். அதனால் வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகத் தொட்டு வையுங்கள். இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறையுங்கள், வளைவுக்குள் போய் அல்ல.

உயிர் போகக்கூடிய இடம் இடது கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் பஸ்ஸுக்கும் பாறைக்கும் நடுவே சைக்கிள் இருக்கவே கூடாது. பின்னால் பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அதைப் போகவிடுங்கள். மற்ற இடங்களில் ஓரத்தை ஒட்டி ஓட்டாமல் ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். ஜல்லியும் ஈரமான தைல மர இலையும் ஓரத்தில்தான் கிடக்கும். ஏப்ரல், மே சீசனில் டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டியைக் கண்டால் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். மலை ஓட்டிப் பழகாதவர்கள் வளைவில் உங்கள் பக்கத்துக்கே வந்துவிடுவார்கள்.

குன்னூருக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெரிய மழை. அப்போது நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். பின்னால் சிவப்பு லைட் இரண்டு வையுங்கள்: ஒன்று விடாமல் எரியட்டும், ஒன்று மின்னட்டும். மின்னுவது மட்டும் இருந்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குப் பிடிபடாது. சாலையின் வெள்ளைக்கோடே தெரியாத மூட்டமென்றால் சைக்கிளை வேலை இடத்திலேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வாருங்கள்.