பழைய ஹெவிவெயிட் குத்துச்சண்டைகளைக் கலரில் பார்க்கலாமா? கேள்வி பதில்

அண்ணா, 1919 டெம்ப்ஸி–வில்லார்ட் சண்டையின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருளால் நிறம் பூசியிருக்கிறார்களே, அந்தக் கலர் வீடியோவைப் பார்த்தேன். டெம்ப்ஸி நிஜமாகவே அவ்வளவு வேகமா?

வேகமானவர்தான் தம்பி. ஆனால் நீங்கள் பார்த்த வேகத்தில் ஒரு பங்கு கேமராவுடையது. அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குச் சுமார் 16 படம் விழும். அதையே 24 படமாக ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு ரவுண்டு 3 நிமிஷம். வெட்டுப்படாத பிரதியில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கடிகாரம் வைத்துப் பாருங்கள். 2 நிமிஷத்தில் முடிந்தால் வீடியோ வேகமாக ஓடுகிறது. இந்தச் சண்டையில் முதல் ரவுண்டை அளக்காதீர்கள். வில்லார்ட் ஏழு முறை விழுந்ததும், ஜெயித்துவிட்டதாக நினைத்து டெம்ப்ஸி ரிங்கைவிட்டே இறங்கிப் போய்த் திரும்பி வந்தார். இரண்டாவது ரவுண்டை அளங்கள்.

வேகத்தைச் சரி செய்து, நொடிக்கு 60 படமாக்கி வழவழவென்று போடுகிறார்களே, அது நல்லதுதானே?

நடை, உடை, கூட்டம் பார்க்க நன்றாக இருக்கும். அடியைப் பார்க்கத்தான் உதவாது. ஒரு ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஃபிலிமில் அதற்கு மூன்று படம்தான் இருக்கும். மீதியெல்லாம் மென்பொருள் இட்டு நிரப்பியது. கிளவுஸ் முகத்தில் படும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். கிளவுஸ் புகை மாதிரி கலைந்து, தாடைக்கு அந்தப் பக்கம் மறுபடி முளைக்கும். சண்டையின் உயிரே அந்த இடம்தான், அதுவே அழிந்துபோகிறது.

நிறங்களாவது உண்மையா?

பெரும்பாலும் ஊகம். அந்தக் கால ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். அதனால் வில்லார்டின் வாயிலிருந்து வழியும் ரத்தம் தார் மாதிரி தெரியும். மென்பொருள் அதை நிழல் என்று எடுத்துக்கொண்டு பழுப்பு பூசிவிடும்.

ஜாக் ஜான்சன் சண்டைகளைக் கலரில் பார்க்கப் பரிந்துரைப்பீர்களா சார்?

மாட்டேன். 1910 ஜூலை 4, ரீனோ. ஜான்சன் கறுப்பின சாம்பியன். ஓய்விலிருந்த வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை, வெள்ளையர் மானத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லியே திரும்ப அழைத்து வந்தார்கள். 15-வது ரவுண்டில் ஜான்சன் அவரை வீழ்த்தினார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் வெடித்தது, படத்தைத் திரையிடப் பல ஊர்களில் தடை போட்டார்கள். 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாதென்று சட்டமே வந்தது. 1940 வரை அது நீடித்தது.

இப்போது கலர் பிரதியைப் பாருங்கள். இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது நான்கு கைகளும் ஒரே பழுப்பு! எந்த நிறத்துக்காக அந்தப் படத்தை ஒளித்து வைத்தார்களோ, அந்த நிறத்தையே துடைத்துவிட்டார்கள். எனக்கு இது மனசு ஆறவில்லை.

1927 டெம்ப்ஸி–டன்னி ‘நீண்ட எண்ணிக்கை’யைக் கலர் வீடியோவில் அளக்கலாமா?

வேகம் தெரியாத பிரதியில் அளக்கவே கூடாது. விழுந்தவர் நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் தோல்வி. ஏழாவது ரவுண்டில் டன்னி விழுந்தார். வீழ்த்தியவர் யாருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போக வேண்டும், டெம்ப்ஸி போகாமல் பக்கத்திலேயே நின்றார். அவர் நகர்ந்த பிறகுதான் நடுவர் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒன்பதில் டன்னி எழுந்தார். மொத்தம் 14 நொடி அளவுக்குத் தரையில் இருந்தார் என்பார்கள். வீடியோ கொஞ்சம் வேகமாக ஓடினாலே அந்தச் சர்ச்சை மறைந்துபோகும்.

அலி–லிஸ்டன் 1965?

அதில் ஊகத்துக்கு வேலை குறைவு. லிஸ்டன் கீழே கிடக்க அலி கத்தும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படமே கலரில்தான் இருக்கிறது. அலிக்குச் சிவப்பு கிளவுஸ், வெள்ளைக் கால்சட்டை. அதை ஒட்டிப் பூசியிருக்கிறார்களா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிதாகப் பார்க்கிறவன் நான். எதில் தொடங்கட்டும்?

லூயிஸ்–ஷ்மெலிங், 1938 ஜூன் 22, யாங்கி ஸ்டேடியம். கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். அதற்குள் பேசும்படக் காலம் வந்து, படம் ஓடும் வேகம் நிலைத்துவிட்டதால் வேகக் கோளாறு கிடையாது. 2 நிமிஷம் 4 நொடிதான், அதனால் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை லூயிஸின் வலது கை. அடுத்து அவர் கால்கள், எவ்வளவு சின்ன எட்டு வைக்கிறார் என்று. கடைசியில் ஷ்மெலிங் மட்டும்: ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பிக்கொள்ளும் அந்த நிமிஷம்.