டிரெய்லரில் குண்டு வெடிக்க வேண்டுமா?

கேள்வி: போர் நடக்கும் பகுதியில் மாட்டிக்கொண்ட சாதாரணக் குடும்பங்களைப் பற்றி, சொந்தச் செலவில், 78 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறேன். சண்டைக் காட்சிகள் கிட்டத்தட்ட இல்லை. தண்ணீருக்கு நிற்கும் வரிசை, நிலவறையில் நடக்கும் பள்ளிக்கூடம், ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ஒரு கல்யாணம், இப்படித்தான் படம் போகும். போஸ்டரை வெளியிட்டேன், தெரிந்தவர்கள் லைக் போட்டார்கள், அதோடு சரி. டிரெய்லரைக் குண்டுவெடிப்போடு தொடங்கினால்தான் பார்ப்பார்கள் என்கிறார் எடிட்டர். பேசாமல் முழுப் படத்தையும் யூடியூபில் போட்டுவிடு என்கிறார் ஒரு நண்பர். விளம்பரத்துக்குக் கையில் பணம் இல்லை. இதை எப்படி மக்களிடம் கொண்டுபோவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் இப்போது போடாதீர்கள். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா, டொரன்டோவின் ஹாட் டாக்ஸ் மாதிரி ஆவணப்படத்துக்கென்றே நடக்கும் பெரிய விழாக்கள், படம் இதற்குமுன் எங்கே காட்டப்பட்டது என்பதைப் பார்க்கும். உலகின் முதல் திரையிடல், அல்லது குறைந்தபட்சம் அந்த நாட்டில் முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். பொதுவெளியில் ஒருமுறை வந்துவிட்ட படத்துக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும், அப்புறம் யூடியூபிலிருந்து படத்தை நீக்கிவிட்டேன் என்று சொன்னாலும் அவ்வளவாகப் பயன் இருக்காது. விழாக்காரர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாஸ்வேர்ட் போட்ட லிங்க் அனுப்பினால் போதும். நுழைவுக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் தள்ளுபடி கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம், கேட்டால் தருகிற விழாக்கள் நிறைய இருக்கின்றன. தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் 52 நிமிடத்தில் இன்னொரு வடிவமும் கேட்பார்கள், ஒரு மணி நேர இடத்துக்கு அந்த அளவுதான் பொருந்தும், எனவே எடிட்டரைக் கொஞ்சம் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எடிட்டரோடுதான் இப்போது சண்டை போடப்போகிறேன்.

புகையும் இடிபாடும் இன்று எல்லோருடைய ஃபோனிலும் தினமும் வருகின்றன. அடுத்த புகை வந்ததும் விரல் தானாகத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது, அதற்குப் பார்ப்பவரின் மனசாட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. செய்தியில் கிடைக்காத ஒன்று உங்கள் படத்தில் இருக்கிறது, மேலே குண்டு விழும்போது கீழே கணக்குப் பாடம் எப்படி நடக்கிறது என்பது. அதை மறைத்துவிட்டு, எல்லோரிடமும் இருப்பதை முகப்பில் வைத்தால் என்ன ஆகும்? வெடிப்பைப் பார்க்க வந்தவர் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போவார், கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்கக்கூடியவர் வரவே மாட்டார். நடைமுறையிலும் அது நஷ்டம்தான். கொடூரமான காட்சி என்று தோன்றினால் யூடியூப் வயதுக் கட்டுப்பாடு போட்டுவிடும், பிறகு லாகின் செய்யாதவரால் பார்க்க முடியாது, வேறு இணையதளங்களில் பதித்தாலும் பெரும்பாலும் ஓடாது. ஆவணப்பட நோக்கத்துக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் இது எங்கே, எப்போது, எதற்காக எடுத்தது என்று தலைப்பிலோ விளக்கத்திலோ வீடியோவுக்குள்ளோ தெளிவாக இருந்தால்தான் அதைக் கேட்டு வாதாடவே முடியும்.

கல்யாணத்தோடு தொடங்குங்கள். கல்யாண வீட்டின் சந்தடி, ஜெனரேட்டர் சத்தம், சட்டென்று இருட்டு, யாரோ சிரிக்கும் குரல். போர் அந்த இருட்டிலேயே இருக்கிறது, தனியாகக் காட்ட வேண்டியதில்லை. அல்லது பாடம் நடக்கும்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டு, ஆசிரியர் ஒரு நொடி நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஷாட் ஏதாவது உங்களிடம் இருந்தால் (நிலவறைப் பள்ளியில் படம் எடுத்தவரிடம் அது இல்லாமல் இருக்காது என்று நினைக்கிறேன்) அதை வெட்டாமல் அப்படியே முழுசாகப் போடுங்கள். 2019-இல் வந்த 'ஃபார் சமா' சிரியாவின் அலெப்போ நகர முற்றுகையைப் பற்றிய ஆவணப்படம், ரத்தமும் அதில் நிறைய உண்டு, ஆனால் ஒரு தாய் தன் கைக்குழந்தைக்குச் சொல்லும் கதையாகத்தான் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. சிரியாவில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று தெரியாதவருக்கும் அது போதுமாக இருந்தது. உங்கள் படத்துக்கும் அப்படி ஒரு வாக்கியம் வேண்டும். "போரில் மக்கள் படும் துயரம்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள், ஆயிரம் படத்துக்கு அதை எழுதலாம். "குண்டு விழும் ஊரில் நிலவறையில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களின் கதை" என்றால் அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு இப்போது வருகிறேன், என் பார்வையில் இதுதான் முக்கியம். போஸ்டரில் இருக்கும் முகம் யாருடையது? அவரிடம் கேட்டீர்களா? கேமரா முன்னால் பேச அன்று சம்மதித்தவர், தன் முகம் சுவரெங்கும், ஃபோனெங்கும் வரும் என்பதற்குச் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படப்பிடிப்பு நடந்தபோது ஊர் ஒருவர் கையில் இருந்திருக்கும், இன்று வேறு ஒருவர் கையில் இருக்கலாம், அன்று தைரியமாகச் சொன்ன ஒரு வாக்கியம் இன்று அவருடைய தம்பியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தலாம். 'ஃபார் சமா' இயக்குநர் வாத் அல்-கதீப்பின் குடும்பப் பெயரே குடும்பத்தின் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட புனைபெயர்தான். புகழ் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2025 மார்ச் தொடக்கத்தில், மேற்குக் கரையின் பாலஸ்தீனக் கிராமங்களைப் பற்றிய 'நோ அதர் லேண்ட்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது, அதன் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லால் அதே மாதம் தன் கிராமத்தில் தாக்கப்பட்டு, இஸ்ரேல் ராணுவத்தால் பிடித்துச் செல்லப்பட்டு, மறுநாள்தான் விடப்பட்டார்.

அதனால் ஒவ்வொருவரிடமும் மறுபடி போய்க் கேளுங்கள், படத்துக்கு ஒருமுறை, டிரெய்லருக்கும் போஸ்டருக்கும் தனியாக ஒருமுறை, இணையத்தில் முழுசாக வருவதற்கு இன்னொரு முறை. முடிந்தால் படத்தை அவர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தக் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் போகட்டும், அல்லது முகத்தையும் குரலையும் மறைக்க வழி தேடுங்கள். எல்லோரும் மறந்துவிடும் இடம் ஒன்று இருக்கிறது, கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியல். உங்களை ஒளித்து வைத்தவர், வண்டி ஓட்டியவர், கேமராவுக்கு சார்ஜ் போடக் கொடுத்தவர் என்று அன்போடு நீங்கள் எழுதும் பெயர்கள் வேறு யாருக்காவது தேடுதல் பட்டியலாகிவிடக் கூடாது. ஃபோனில் எடுத்த ஸ்டில்களை அனுப்பும்போது படத்தோடு சேர்ந்தே போகும் இருப்பிடத் தகவலையும் அழித்துவிடுங்கள்.

சரி, பார்வையாளர்கள். விருது வந்தால் விநியோகஸ்தர் தேடி வருவார் என்று காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன 'நோ அதர் லேண்ட்' பெர்லின் திரைப்பட விழாவில் 2024-இல் பரிசு வாங்கிய படம், ஆஸ்கர் வாங்கும் நாளிலும் அதற்கு அமெரிக்காவில் விநியோகஸ்தர் இல்லை, தியேட்டர்களில் தாங்களாகவே ஏற்பாடு செய்துதான் வெளியிட்டார்கள். உங்களுக்கு ஆள் சேர்த்துத் தரப்போவது ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கும் கூட்டங்கள்தான். ஆசிரியர் சங்கம், செவிலியர் அமைப்பு, அகதிகளுக்கு வேலை செய்யும் குழுக்கள், பல்கலைக்கழகத்தில் வரலாறும் சட்டமும் நடத்தும் துறைகள், நூலகங்கள், அந்த ஊரிலிருந்து வெளியேறி வேறு நாடுகளில் இருப்பவர்களின் சங்கங்கள், இவர்களில் யாருக்கு உங்கள் படத்தின் எந்தக் காட்சி வேண்டியிருக்கும் என்று யோசித்து எழுதுங்கள். நிலவறைப் பள்ளியைப் பற்றி ஆசிரியர் சங்கத்துக்கு எழுதும் கடிதம், ஊர் முழுக்கப் போடும் நூறு பதிவைவிட உருப்படியானது. அழைப்பை அவர்களே தங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பட்டும், நம் போஸ்டரைவிட அவர்களுடைய கடிதத்தைத்தான் அவர்கள் ஆட்கள் நம்புவார்கள். இந்த வேலையை விரிவாகச் சொல்லும் வழிகாட்டி ஒன்றை டாக் சொசைட்டி என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, படித்துப் பாருங்கள்.

அந்த அரங்கில் போரைப் பார்த்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். எந்த இடத்தில் ஷெல் சத்தம் வரும் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், ஒலியை அரங்கத்தின் முழு அளவுக்கு வைக்காதீர்கள், யாராவது எழுந்து வெளியே போனால் வாசலில் பேச ஒருவர் இருக்கட்டும். படம் முடிந்த பிறகான கேள்வி நேரத்தில், எந்தப் பக்கம் சரி என்ற விவாதத்தைக் கிளப்பவே ஒருவர் வந்திருப்பார், அவரிடம் மைக் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரை நடத்துநராகப் போடுங்கள்.

சின்னக் கிளிப்புகளை வெளியிடுவது நல்லதுதான், ஆனால் போர்க் கிளிப்புகளுக்கு ஒரு சாபம் உண்டு. யாராவது வெட்டி எடுத்து வேறு நாட்டு, வேறு வருடச் சண்டை என்று பரப்புவார்கள், அது பொய் என்று தெரிந்ததும் உங்கள் படமே பொய் என்றாகிவிடும். இடமும் தேதியும் படச் சட்டத்துக்குள்ளேயே, வெட்ட முடியாத இடத்தில், எழுத்தாக இருக்கட்டும் (ஊர் பெயர் யாரையாவது காட்டிக்கொடுக்கும் என்றால் மாவட்டம் போதும்). மூல ஃபுட்டேஜை அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். 2022 மார்ச்சில் உக்ரைனின் மரியுபோல் நகரில் மகப்பேறு மருத்துவமனை தாக்கப்பட்டபோது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனக் குழு அங்கேயே நின்று எடுத்த படங்களையே நாடகம் என்றது ரஷ்யத் தரப்பு. உங்களை மட்டும் விட்டுவிடுவார்களா?

மற்றவை சுலபம். நல்ல ஸ்டில்கள் சில, ஒரு பத்திக் கதைச்சுருக்கம், நீளம், தொடர்பு மின்னஞ்சல், இவை ஒரே லிங்கில் இருக்கட்டும். சினிமா விமர்சகர்களை மட்டும் துரத்தாமல் கல்வி, அகதிகள், சர்வதேசச் செய்தி எழுதுகிறவர்களுக்கும் அனுப்புங்கள். சப்டைட்டிலை அந்த மொழி தெரிந்த மனிதர் ஒருவர் சரிபார்க்கட்டும். கல்யாணக் காட்சியில் பின்னால் பாட்டு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் உரிமை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் அருமையான டிரெய்லர் காப்புரிமைப் புகாரில் மாட்டும். புதிதாக ஒரு தாக்குதல் நடந்து ஆட்கள் செத்த நாளில் டிக்கெட் லிங்க் போடாதீர்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. எல்லோருக்கும் இலவசம் என்று அறிவிக்காதீர்கள். நிதி இருக்கும் பல்கலைக்கழகமும் பெரிய நிறுவனமும் திரையிடக் கட்டணம் கொடுக்கட்டும், அகதிகள் குழு கேட்டால் சும்மா கொடுங்கள், இதில் ஒளிவுமறைவு தேவையில்லை, வெளிப்படையாகவே சொல்லலாம். விழாக்கள், திரையிடல்கள், தொலைக்காட்சி எல்லாம் ஓய்ந்த பிறகு, படத்தில் இருப்பவர்களும் சரி என்று சொன்னால், யூடியூபில் தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன்னால் கமென்ட் பகுதியை யார் கவனிப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். அந்த வேலை உங்களுக்கு வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.