பதினெட்டாம் பெருக்குக்கு அலர்ஜி உள்ள சொந்தக்காரங்க வந்தா? உங்க கேள்விங்க, என் பதில்

நாத்தனார் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது மேடம். புளியோதரைல கடலை போடாம விட்டா போதும்ல? (கும்பகோணம்)

போதாதும்மா, எண்ணெயையும் பாக்கணும். நல்லெண்ணெய்தானே ஊத்துறேன்னு சொல்வீங்க, ஆனா செக்குல ஆட்டி வாங்குறவங்கன்னா காலைல கடலை ஆட்டின அதே செக்குலதான் மத்தியானம் எள்ளு ஓடியிருக்கும், செக்கெண்ணெய்ல கடலைப் புரதம் கொஞ்சம் தங்கிடும், சில பிள்ளைங்களுக்கு அந்தக் கொஞ்சமே போதும். அன்னிக்கு மட்டும் லேபிள் பாத்து பாக்கெட் எண்ணெய் வாங்கிக்குங்க. கடலைக்கு பதிலா முந்திரின்னும் போயிடாதீங்க, சிலருக்கு ரெண்டுமே ஆகாது, அவங்க அம்மாகிட்ட கேட்டுக்குங்க. கடலை வறுக்க வாணலிய அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடியே அவன் பங்க கிளறி தனி தூக்குல எடுத்து மூடிடுங்க. ஆத்தங்கரைல உக்காந்ததும் ஒரே கரண்டி புளி சாதம், தேங்கா சாதம், எலுமிச்சை சாதம்னு சுத்தி வரும் பாருங்க, எனக்கு பயமே அந்தக் கரண்டிதான்.

சம்பந்திக்கு சீலியாக்னு ஒரு குடல் நோய், கோதுமை கூடாது. எல்லாம் சாதம்தானே, கவலையில்லைல? (மயிலாடுதுறை)

பெருங்காய டப்பாவ திருப்பி படிங்க. பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், கட்டிப் பெருங்காயமும் அப்படித்தான். அரிசி மாவுல செஞ்சது கிடைச்சா சரி, இல்லாட்டி விட்டுடுங்க, வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் தூக்கலா போட்டா யாருக்கும் தெரியாது. அப்புறம் திருவையாறு அசோகா வாங்கி வெச்சு, பாசிப்பருப்பு அல்வாதானேன்னு நீட்டிடாதீங்க, அதுலயும் கோதுமை மாவு சேரும். ரவையும் கோதுமைதான்.

பால் ஒத்துக்காதவங்களுக்கு நெய் ஊத்தலாமா? (மன்னார்குடி)

பால் குடிச்சா வயிறு உப்புசம், பேதி மட்டும்னா அது பால்ல இருக்குற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை செரிக்காத பிரச்சனை, நெய் பொதுவா தாங்கும். தடிப்பு, மூச்சுத்திணறல்னு வர்ற நிஜ பால் அலர்ஜின்னா நெய்யும் வேணாம், அதுல பால் புரதம் துளி இருக்கும். வெல்லம், தேங்காப்பால் போட்டு பருப்பு பாயசம் வைங்க, தாளிக்க தேங்காயெண்ணெய். என்னக் கேட்டா பால் பாயசத்தவிட இதுதான் ருசி.

"ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது"ன்னு அலர்ஜி உள்ள பையனுக்கு மாமியார் ஊட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. (திருவாரூர்)

சண்டை வேணாம். "இந்த தூக்கு அவனுக்கு மட்டும், நீங்கதான் பாத்துக்கணும் அத்தை"ன்னு பொறுப்ப அவங்ககிட்டயே குடுத்துடுங்க, அப்புறம் வேற யாரையும் கிட்ட விடமாட்டாங்க. மீறி உதடு, தொண்டை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அலர்ஜி மாத்திரைய குடுத்துட்டு உக்காந்து பாக்காதீங்க, டாக்டர் எழுதிக் குடுத்த அட்ரினலின் ஊசி கைல இருந்தா உடனே போட்டுட்டு 108க்கு அடிங்க. ஊசி கொண்டு வந்திருக்காங்களான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்குங்க.