பதில்: குடிக்கிற தண்ணியும் வாந்தி வருது, 4 வயசுப் பையன், தக்கலை

அக்கா, ராத்திரில இருந்து ஆறு தடவ எடுத்தான்னு சொல்றீங்க, பயம் வாந்திய விட உடம்புல தண்ணியும் உப்பும் குறையுறதுலதான். டம்ளரோட குடுக்காண்டாம், அதான் திருப்பி வருது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைப் பொடி) பாக்கெட்ட முழுசா ஒரு லிட்டர் கொதிக்க வச்சு ஆறுன தண்ணில கலக்கி, வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டுட்டு, 2 நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு குடுங்க, கை வலிக்கும் ஆனா தண்ணி வயித்துல நிக்கும். கருப்பட்டி காப்பி, கூல்டிரிங்ஸ் இப்ப வேண்டவே வேண்டாம் (எங்க அம்மையும் அதத்தான் நீட்டுவாங்க). வாந்தி மாத்திரையும் நீங்களா குடுக்காதீங்க. 6 மணி நேரமா ஒண்ணுக்குப் போகல, பச்சையாவோ ரத்தமாவோ வாந்தி, அசந்து கிடக்கான், வயிறு விடாம வலிக்கு, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் ஸ்பூன வச்சுட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஒடனே வண்டி ஏறுங்க, வண்டி இல்லன்னா 108. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?