பயிற்சி முடிந்தும் யாரும் பொறுப்பெடுக்கவில்லை என்றால்

உங்கள் பகுதி மக்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தும் தெருக்கூட்டத்தில் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வகுப்பைத் தள்ளி வையுங்கள். வந்த இருபது பேரில் நான்கைந்து பேரிடம் இந்த வாரமே முடிக்கக்கூடிய ஒரு வேலையை ஒப்படையுங்கள். மூன்று நாள் பயிற்சி கொடுத்தும் தெருக்கூட்டத்தில் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு பயிற்சி இந்தச் சிக்கலைச் சரிசெய்யாது.

கூட்டம் கூட்டுவது, பேசுவது, மனு எழுதுவது எல்லாவற்றையும் நீங்களே செய்வதுதான் பெரும்பாலும் காரணம். அமெரிக்காவில் எளிய மக்களை அணிதிரட்டிய சால் அலின்ஸ்கி 1940-ல் சிகாகோவில் தொடங்கிய அமைப்பில் இதற்கு ஒரு இரும்பு விதியே உண்டு: மக்கள் தாங்களே செய்யக்கூடியதை அவர்களுக்காகச் செய்யாதே.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசும் நிமிடங்களை ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் வந்தால் சிக்கல் அங்கேதான்.

முதல் வேலையாக வீட்டுக் கூட்டம் நல்லது. ஒருவர் தன் வீட்டுக்கு ஏழெட்டு அண்டை வீட்டாரை அழைத்து, ஒரே ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கத் தலைவரான செசார் சாவேஸ் கலிபோர்னியாவில் பொதுவேலைக்கு வந்ததும், 1952-ல் மக்களை அணிதிரட்டி வந்த ஃபிரெட் ராஸ் நடத்திய இப்படியொரு கூட்டத்தின் வழியாகத்தான். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் வாய் திறக்க வேண்டாம். முடிந்த கையோடு பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து எது நடந்தது, எங்கே தடுமாறினார் என்று அவரையே சொல்ல விடுங்கள். பயிற்சியில் பாதி அந்தப் பத்து நிமிடம்தான்!

ஒரு எச்சரிக்கை: நன்றாகப் பேசுபவரை உடனே தலைவராக்கிவிடாதீர்கள். அவசர நேரத்தில் அக்கம்பக்கத்தார் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர் உங்கள் வகுப்புக்கே வராதவராகவும் இருக்கலாம்.